கொக்குமேட்டு ஏரியின் பழைய இன்ஜின்கள்

அடைக்கலராஜ் செய்தது ஒரே ஒரு தப்பு. ஏரியில் ஓடுகிற மோட்டார் படகை நிறுத்தச் சொல்லி அரசாங்கத்திடம் போய்க் கேட்டார். கொக்கு போனால் போகட்டும், தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் மிதக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்றைக்கும் அவர் மனிதராகவே இருந்திருப்பார். இப்போது அரசாங்கக் கணக்குப்படி அவர் ஒரு பழைய இன்ஜின். அவர் மனைவி சகாயசெல்வி இன்னொரு பழைய இன்ஜின்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற நெடுஞ்சாலையில் பாதி வழியில் உள்ளே திரும்பினால் கொக்குமேட்டு ஏரி வரும். அதில் இவர்களுக்கு ஒரு மிதிபடகு. அன்னப்பறவை மாதிரி கழுத்தை வளைத்துக்கொண்டு நிற்கிற வெள்ளைப் படகு. மற்ற ஊர்களில் சவாரிக்கு வருகிறவர்களே மிதித்துக்கொள்ள வேண்டும். இங்கே அந்தப் பேச்சே கிடையாது. ஏரி நடுவில் கருவேல மரங்கள் இருக்கின்றன, அதில் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டுகின்றன. வந்தவர்கள் கையில் படகைக் கொடுத்தால் செல்ஃபி எடுக்க நேரே கூட்டுக்கடியில் கொண்டுபோய்ச் சொருகுவார்கள். அதனால் முன்சீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து மிதிப்பார்கள். வந்தவர்கள் பின்சீட்டில் சாய்ந்துகொண்டு மல்லாட்டைக் கடலை உரித்துத் தின்னலாம். தோலைத் தண்ணீரில் போட்டால் சகாயசெல்வி திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். பௌர்ணமிக்குத் திருவக்கரை அம்மனைக் கும்பிட்டுவிட்டு, அங்கே கல்லாகிப்போன மரங்களையும் பார்த்துவிட்டு வருகிற கூட்டம் முழுக்க அந்தப் பார்வைக்குப் பயந்து தோலை மடியில் கட்டிக்கொண்டு போகும்.

பிழைப்பு அதில்தான். ஆனால் அந்தப் படகு வெறும் பிழைப்பு மட்டும் இல்லை. பிப்ரவரி மாதம் ஊர்க் கோயிலில் லூர்து மாதா திருவிழா. மாதாவின் தேரைத் தூக்க ஊரில் முறைக்காரக் குடும்பங்கள் உண்டு. இவர்கள் குடும்பம் அந்த முறையில் கிடையாது, தேரைத் தொடுகிற தூரத்துக்கு இவர்களுடைய அப்பா, தாத்தா யாருமே வந்ததில்லை. தேர் ஏரிக்கரையோடு நின்றுவிடும். அதற்கப்புறம் மாதா ஏரியை ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். தண்ணீரில் யாருக்கும் முறை கிடையாது. படகு யாரிடம் இருக்கிறதோ அவர்தான். ஆகவே வருஷத்தில் ஒரு சாயங்காலம், கரை முழுக்க மெழுகுவர்த்தி எரிய, மாதா அன்னத்தின் பின்சீட்டில் அமர்ந்திருக்க, முன்சீட்டில் அடைக்கலராஜும் சகாயசெல்வியும் மிதித்துக்கொண்டு போவார்கள். அந்த ஒரு சுற்றுக்காக வருஷம் முழுக்க ஊரில் என்ன பேச்சு வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தார்கள்.

இப்படி இருக்கையில்தான் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ரிசார்ட் முளைத்தது. அவர்கள் ஒரு மோட்டார் படகைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அது போட்ட சத்தத்தில் கொக்குகள் கூட்டை விட்டுக் கிளம்பின. அதன் அலை கரையை அரித்தது. தண்ணீர் மேல் எண்ணெய் வானவில் நிறத்தில் படர்ந்தது. அடைக்கலராஜுக்கு வயிறு எரிந்தது. மனைவியைக் கூட்டிக்கொண்டு விழுப்புரத்துக்கு, கலெக்டர் ஆபீஸில் நடக்கிற திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போனார். மோட்டார் படகை மட்டும் நிறுத்திக் கொடுத்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று சொன்னார். வேறு எதுவும் வேண்டாம் என்று சொல்கிறவர்களுக்குத்தான் அரசாங்கம் எல்லாவற்றையும் கொடுக்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை.

அவர்களை மேல்மாடிக்கு அனுப்பினார்கள். அங்கே புதிதாக ஒரு ஆணையம் திறந்திருந்தது. உல்லாசப் படகுச் சூழல் பாதிப்புக் குறைப்பு ஆணையம் என்று பெயர். பெயர்ப் பலகை வராந்தாவை விட நீளமாக இருந்ததால் பாதியை மடித்து மாட்டியிருந்தார்கள். உள்ளே மாவட்டப் பாதிப்புக் குறைப்பு அலுவலர் வெங்கடாசலம் இருந்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. குளிர் தாங்காமல் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார். கொக்குகள் போன கதையைக் கேட்டு அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பத்தே நாளில் நேரில் வந்து பார்ப்பதாக வாக்குக் கொடுத்தார். வெளியே வந்த சகாயசெல்வி, இந்தக் காலத்திலும் இப்படி ஒரு அதிகாரியா என்று மாதாவுக்கு ஸ்தோத்திரம் சொன்னார். பாவம்.

சொன்னபடி வந்தார். மூன்று ஜீப், ஒரு லாரி. ஏரியில் ஆய்வு செய்ய ஆணையத்துக்கு ஒரு படகு வேண்டும் அல்லவா? ரிசார்ட்காரர்கள் தங்களுடைய மோட்டார் படகையே ஆணையத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பச்சை பெயிண்ட் அடித்து, பசுமைத் தூதன் என்று பெயர் எழுதி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். பெயிண்ட் இன்னும் காயவில்லை. அடைக்கலராஜ் அதைப் பார்த்து, இதுதானே சார் அந்தப் படகு என்று கேட்டார். ரிசார்ட்டின் படகு என்று புகார், இப்போது அது ரிசார்ட்டின் படகு இல்லை, ஆகவே புகார் வெற்றிகரமாகத் தீர்ந்தது என்று வெங்கடாசலம் விளக்கி, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடைக்கலராஜும் குலுக்கினார். வேறென்ன செய்வார்?

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வந்தது வந்தோம், இருக்கிற படகையும் சோதித்துவிடலாம் என்று அலுவலர் இருவரையும் முன்சீட்டில் உட்கார வைத்துவிட்டு, கரையோரம் நின்ற அன்னத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்தார், நிமிர்ந்தார், கழுத்தைத் தட்டிப் பார்த்தார்.

"இன்ஜின் எங்கப்பா?"

"இன்ஜினே கெடையாதுங்க சார். மிதிக்கறதுதான்."

"இன்ஜின் இல்லன்னா நான் எதைச் சோதிக்கறது?"

நியாயமான கேள்விதான். அடைக்கலராஜுக்கே சங்கடமாகப் போய்விட்டது. அவ்வளவு தூரம் வந்த மனிதரை வெறுங்கையோடு அனுப்புகிறோமே என்று தலையைச் சொறிந்தார். அப்போது தொழில்நுட்ப உதவியாளர் சித்ரா விதிப் புத்தகத்தைப் பிரித்து ஒரு வரி படித்தார். படகை முன்செலுத்தும் எதுவும் இன்ஜின் எனப்படும். வெங்கடாசலம் அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். பிறகு பெடலைப் பார்த்தார். பெடல் மேல் இருந்த கால்களைப் பார்த்தார். கால்களுக்கு மேலே பார்த்தார். சித்ராவும் பார்த்தார்.

"ரெண்டு இன்ஜின் சார்," என்றார் சித்ரா, மெதுவாக.

வெங்கடாசலத்தின் முகம் மலர்ந்தது. கரையில் கூடியிருந்த ஜனங்களைப் பார்த்து அங்கேயே ஒரு பேச்சு பேசினார். "பெரிய பெரிய இடத்துல நூறு மோட்டார் படகு ஓடுது. அங்க போயும் சோதிக்க எங்களுக்கு அதிகாரம் இருக்கு. ஆனா பாருங்க, போனதும் இளநீ குடுக்கறாங்க, ரூம் குடுக்கறாங்க. அவ்ளோ மரியாதையா நடந்துக்கறவங்க கிட்ட கேள்வி கேக்க மனசு வருமா? அதனால கேள்வியெல்லாம் எங்ககிட்ட சேந்து போச்சு. யார்கிட்டயாவது கேட்டுதானே ஆவணும்?" ஜனங்கள் கை தட்டினார்கள். அடைக்கலராஜும் தட்டினார்.

முதல் கேள்வி புகை. இன்ஜின் என்று இருந்தால் புகைச் சான்று வேண்டும். இருவரும் பஸ் ஏறித் திண்டிவனம் போனார்கள். பைபாஸ் ஓரத்தில் வேனில் புகைச் சோதனை செய்கிற ராஜாமணி, வண்டி எங்கே என்று கேட்டார். நாங்கள்தான் என்றார்கள். ராஜாமணி பல வருஷமாக அரசாங்க விதிகளோடு குடும்பம் நடத்துகிறவர், அதனால் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. எரிபொருள் என்ன என்று மட்டும் கேட்டார். காலையில் கேப்பைக் கூழ், மத்தியானம் சோறு, கிடைத்தால் கருவாடு என்று சகாயசெல்வி சொன்னார். வண்டியாக இருந்தால் சோதனைக் குழாயைப் பின்பக்கம் சொருக வேண்டும். ராஜாமணி நல்ல மனுஷன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, குழாயை வாயில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அதற்காக இருவரும் இன்றுவரை அவருக்கு நன்றியோடு இருக்கிறார்கள்.

இன்ஜினை வேகமாக ஓட்டியும் பார்க்க வேண்டும் என்று விதி. நெடுஞ்சாலை ஓரத்தில், லாரிகள் போய்க்கொண்டிருக்க, இருவரும் நின்ற இடத்திலேயே ஓடினார்கள். நம்பர் பலகையோடு போட்டோ எடுத்தால்தான் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளும் என்பதால் ஆளுக்கொரு அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். இரண்டு பேரும் தேறினார்கள். வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் அடைக்கலராஜுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. முதல்ல அந்த அட்டையைக் கழட்டுங்க என்று சகாயசெல்வி பல்லைக் கடித்தார்.

அடுத்தது இரைச்சல். சித்ரா கரையில் ஒரு மீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருவரும் மிதித்தார்கள். முள் அசையவே இல்லை. மீட்டர் ரிப்பேரோ என்று வெங்கடாசலத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சரிபார்ப்பதற்காகப் பசுமைத் தூதனைக் கிளப்பச் சொன்னார். அது பக்கத்தில் வந்து உறுமியதும் முள் கடைசிவரை எகிறியது. மீட்டர் சரியாக இருக்கிறது என்று எல்லோருக்கும் நிம்மதி. எகிறிய எண்ணை அன்னத்துக்கு எழுதிக்கொண்டார்கள், ஏனென்றால் சோதனை அன்னத்துக்குத்தான் நடந்துகொண்டிருந்தது. சகாயசெல்வி சும்மா இருப்பாரா? பக்கத்தில் நின்று கத்தின படகை விட்டுவிட்டு எங்க பேரில் எழுதுகிறீர்களே, இது அடுக்குமா என்று கேட்டார். அந்தக் குரலையும் மீட்டர் காட்டியது. அதையும் எழுதிக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் எண்ணெய்க் கசிவு ஒத்திகை. படகில் எண்ணெய் கசிந்தால் அதை எப்படி அள்ளுவீர்கள், செய்து காட்டுங்கள் என்றார்கள். எங்களிடம் எண்ணெய் எங்கே இருக்கிறது, கசிவதற்கு என்று அடைக்கலராஜ் கேட்டார். அந்தக் கவலை உனக்கு எதற்கு, ஆணையம் எதற்கு இருக்கிறது என்று வெங்கடாசலம் அவர் தோளில் தட்டிக் கொடுத்தார். பசுமைத் தூதனிலிருந்து ஒரு கேன் டீசலை எடுத்து ஏரியில் ஊற்றினார்கள். காற்று மாறி அடித்தது. எண்ணெய் நேரே கருவேல மரங்களின் பக்கம் போனது. இருவரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வைக்கோலைப் போட்டுப் போட்டு அள்ளினார்கள். அள்ள அள்ளப் பரவியது. அன்னத்தின் வெள்ளைக் கழுத்து கறுத்துப்போனது. சாயங்காலம் ஒரு நீர்க்காகம் கரையேறி இறக்கையை விரித்துக்கொண்டு நின்றது. மறுநாள் காலையிலும் அது அங்கேயே அப்படியே நின்றது. மத்தியானம் அது விழுந்து செத்ததும் சகாயசெல்வி தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தார். மேற்படி படகு இயங்கும் ஏரியில் எண்ணெய் காணப்பட்டது என்று ஆணையம் பதிவு செய்தது.

இத்தனைக்கும் பிறகும் அடைக்கலராஜுக்கு நம்பிக்கை இருந்தது. பெரிய இடத்துக் காரியம், நாலு தடவை நடக்கத்தான் வேண்டும், திருவிழாவுக்குள் முடிந்துவிடும் என்று மனைவியைத் தேற்றினார். விழுப்புரத்து மேல்மாடியில் வெங்கடாசலம் எல்லாவற்றையும் பார்த்து முடித்தார். புகை பரவாயில்லை, இரைச்சலுக்கும் எண்ணெய்க்கும் எச்சரிக்கையோடு விட்டுவிடலாம் என்றார். கடைசியாக, உங்களுக்கு என்ன வயசு ஆகிறது என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்பது போலக் கேட்டார்.

அடைக்கலராஜ் ஐம்பத்திரண்டு ஓடுகிறது என்றார். சகாயசெல்வி நாற்பத்தேழு. வெங்கடாசலம் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார்.

"பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆன இன்ஜின் எதுவும் தண்ணியில எறங்கக் கூடாதும்மா. நான் என்ன பண்ணட்டும்? புது இன்ஜின் போட்டுக்கங்க."

"பதினஞ்சு வயசுக்குக் கீழ பசங்கள வெச்சி மிதிக்கச் சொல்றீங்களா சார்?" என்று கேட்டார் சகாயசெல்வி.

"அது குழந்தைத் தொழிலாளர் சட்டம். வேற துறை. அவங்க வந்து புடிச்சா நாங்க பொறுப்பில்ல."

பழைய வண்டிகளை என்ன செய்கிறார்கள் என்று அடைக்கலராஜ் பேப்பரில் படித்திருந்தார். அழிப்பது கட்டாயமா சார் என்று அடிக்குரலில் கேட்டார். கட்டாயம்தான், ஆனால் அதற்கான கிடங்கு இன்னும் கட்டி முடியவில்லை, அதுவரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று வெங்கடாசலம் பெரிய மனது பண்ணினார். ரொம்ப நன்றிங்க என்று சொல்லிவிட்டுத்தான் அடைக்கலராஜ் எழுந்தார். படி இறங்கும்போது எதற்கு நன்றி சொன்னோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

அன்னத்துக்குச் சங்கிலி போட்டு அரக்கு வைத்தார்கள். அடுத்த பௌர்ணமிக்குத் திருவக்கரையிலிருந்து கூட்டம் வந்தது. ஆணையமே அவர்களுக்காக விழிப்புணர்வுச் சவாரி என்று ஒன்றைத் தொடங்கியிருந்தது. பசுமைத் தூதனில் ஜனங்களை ஏற்றிக்கொண்டு நேரே கருவேல மரங்களுக்குப் போவார்கள். மோட்டார் படகு கிட்டே வந்தால் கொக்குகள் எப்படிப் பதறிப் பறக்கின்றன என்று மைக்கில் சொல்லிக் காட்டுவார்கள். எல்லோரும் ஐயோ பாவம் என்பார்கள். சரியாகத் தெரியவில்லை என்று யாராவது சொன்னால் இன்னொரு சுற்று போவார்கள். கொஞ்ச நாளில் காட்டுவதற்குக் கொக்கு இல்லை. போன தடவை இருந்தன என்று மைக்கில் சொன்னார்கள்.

அடைக்கலராஜ் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனார். சகாயசெல்வி கெடார் பக்கத்து வயல்களில் களை எடுக்கப் போனார். கை கால் இருக்கிறது, சோறு எப்படியாவது கிடைத்துவிடும். திருவிழாதான் நெருங்கிக்கொண்டிருந்தது. மாதா யார் படகில் போவாங்க என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமலே தினமும் சாப்பிட்டு எழுந்தார்கள்.

கடைசியில் பங்குத்தந்தை மரிய அருண் இருவரையும் கூட்டிக்கொண்டு ஆணையத்துக்குப் போனார். ஒரே ஒரு சாயங்காலம், ஒரே ஒரு சுற்று, அனுமதி கொடுங்கள் என்று கேட்டார். வெங்கடாசலம் கத்தோலிக்கர் இல்லை, ஆனாலும் மாதா மேல் பக்தி உள்ளவர். வேளாங்கண்ணிக்கு வருஷா வருஷம் போகிறவர். மாதாவைப் பழைய இன்ஜின் பூட்டிய படகில் ஏற்றி ஏதாவது ஆகிவிட்டால் என் மனசு தாங்காது ஃபாதர் என்று நெஞ்சில் கையை வைத்தார். இந்த வருஷம் பசுமைத் தூதனையே இலவசமாகத் தருகிறோம் என்றார். அதோடு விட்டாரா? அன்னத்தை வீணாக்கக் கூடாது, மாசில்லாப் படகுக்கு மாவட்டத்திலேயே அதுதான் சிறந்த மாதிரி, அதை ஏரிக்கரைப் பூங்காவில் சிமெண்ட் மேடை கட்டி நிறுத்தப் போகிறோம் என்றார். வருகிற விருந்தினர்களுக்கு எப்படி மிதிப்பது என்று செய்து காட்ட ஆள் வேண்டும், அதற்கு இவர்கள் இருவரையும் விடப் பொருத்தமானவர்கள் யார் என்றார்.

"நாங்கதான் பழைய இன்ஜினாச்சே சார்," என்றார் அடைக்கலராஜ். அவருக்கு இப்போது விதியெல்லாம் அத்துப்படி.

வெங்கடாசலம் சித்ராவைப் பார்த்தார். சித்ரா மறுபடியும் அதே பக்கத்தைப் பிரித்தார். படித்துவிட்டு, இவர்கள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னார்.

"மேடையில இருக்கற படகு முன்னால போகாது. முன்னால போகாத வரைக்கும் நீங்க மனுஷங்கதான்."

திருவிழா வந்தது. தேர் ஏரிக்கரையில் நின்றது. மாதாவை இறக்கிப் பசுமைத் தூதனில் ஏற்றினார்கள். சர்க்கார் படகு, கௌரவமான படகு, அதில் யார் ஏறுவது என்று கரையில் ஒரு சின்னப் பேச்சு நடந்தது. தேர் தூக்குகிற முறைக்காரர்களே ஏறினார்கள். முன்னால் வெங்கடாசலம் கைகூப்பிக்கொண்டு நின்றார். இத்தனை வருஷமாகத் தண்ணீரில் இல்லாத முறை அன்றைக்கு அப்படித் தண்ணீருக்கும் வந்து சேர்ந்தது.

பூங்காவில் ஆணையத்தின் விருந்தினர்கள் மேடையைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்னத்தைக் கழுவிப் புதுசாக வெள்ளை அடித்து, நான்கு போல்ட் போட்டு முறுக்கியிருந்தார்கள். முன்சீட்டில் அடைக்கலராஜும் சகாயசெல்வியும் உட்கார்ந்திருந்தார்கள். திருவிழாவுக்கென்று எடுத்த புடவை, புது வேட்டி. மிதிக்கலாம் என்று சித்ரா கையைக் காட்டினார். மிதித்தார்கள். அடியில் துடுப்புச் சக்கரம் காற்றில் சுற்றியது. எவ்வளவு சுத்தம், எவ்வளவு அமைதி என்று விருந்தினர்கள் வியந்தார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார்.

ஏரியில் மோட்டார் உறுமியது. கறுப்புப் புகை எழும்பி மாதாவின் நீல இடைக்கச்சை வரைக்கும் போனது. கரையில் மெழுகுவர்த்திகள் எரிந்தன, ஜனங்கள் பாடினார்கள், படகு மெல்ல நகர்ந்தது. பின்சீட்டில் யாரும் இல்லை என்று தெரிந்தும் அடைக்கலராஜ் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"ஜல்தியா மிதிங்க," என்றார் சகாயசெல்வி. கண்ணெல்லாம் தண்ணீர். "மாதா நம்மள விட்டுட்டுப் போய்க்கினே இருக்காங்க."

அடைக்கலராஜ் மிதித்தார். செங்கல் சூளையில் தேய்ந்த முழங்கால் வலித்தது, அதையும் பார்க்காமல் மிதித்தார். இருவரும் சேர்ந்து மிதித்த வேகத்தில் ஒரு போல்ட் தளர்ந்து, அன்னம் மேடையில் ஒரு குலுக்குக் குலுங்கியது. முன்னால் நகர்ந்துவிட்டதோ என்று அடைக்கலராஜ் குனிந்து பார்த்தார். சித்ரா பார்த்துவிட்டாரா என்று பயந்து, சட்டென்று இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்துவிட்டார்.

சகாயசெல்வி அவரைப் பார்த்தார். தன் காலை எடுக்கவில்லை. ஏரியைப் பார்த்துக்கொண்டு மிதித்துக்கொண்டே இருந்தார்.